கப்பலேறிப் பழுத்த ஒயின்: லிஸ்பனுக்குத் தெற்கே ஓர் அரை நாள்

லிஸ்பனுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் நகரத்தை விட்டு வெளியே போக ஒரு நாள் ஒதுக்கினால், அந்த நாள் அநேகமாகச் சிந்த்ராவுக்குப் போய்விடும். மலைமேல் மஞ்சளும் சிவப்புமாக ஓர் அரண்மனை, அதன் வாசலில் நீண்ட வரிசை, வரிசையில் தேனிலவுக்கு வந்த நம் ஊர் ஜோடிகளும் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை, அரண்மனை அழகுதான். ஆனால் அதே லிஸ்பனிலிருந்து எதிர்த்திசையில், தேஜோ ஆற்றைத் தாண்டித் தெற்கே நாற்பது கிலோமீட்டர் போனால், ஒரு சுண்ணாம்புக்கல் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அர்ராபிதா என்பது அதன் பெயர். மலைக்கு வடக்கே அசெய்த்தாவ் என்ற சிற்றூர். மேற்கே செசிம்ப்ரா என்ற மீனவர் ஊர். கிழக்கே செதூபல் துறைமுகம். காலையில் கிளம்பினால் பிற்பகல் சாப்பாட்டுக்கு லிஸ்பன் திரும்பிவிடலாம். எட்டுப் பேர் உட்காரும் வேன், ஓட்டுநரே வழிகாட்டி, நடுவில் கையால் டைல் செய்யும் பட்டறை, முடிவில் ஒயின் ருசி பார்த்தல். இப்படித்தான் இந்த அரை நாள் டூரை விற்கிறார்கள்.

விளம்பரப் படங்களில் கடலின் பச்சை நிறம்தான் பெரிதாக இருக்கும். எனக்கு அந்தப் பச்சையை விடச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. இந்தப் பாதை நெடுகிலும் இந்தியக் கப்பல்களின் வரவு செலவுக் கணக்கு விரிந்து கிடக்கிறது. அரண்மனை, டைல், துறவிமடம், ஒயின் என்று எங்கே நின்றாலும் அந்தக் கணக்கில் ஒரு பற்று வரிசை கண்ணில் படும். வழிகாட்டிகள் அதை இரண்டு வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். அவர்கள் பள்ளியில் படித்தது ‘கண்டுபிடிப்புகளின் காலம்’. கொச்சியும் கோவாவும் மலாக்காவும் நம் முத்துக்குளித்துறையும் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் இருந்தவை. நமக்கு அந்த இரண்டு வாக்கியங்கள் போதாது.

பாலத்தின் ரீங்காரம்

ஏப்ரல் 25 பாலத்தில் வேன் ஏறியதும் டயருக்கு அடியில் தேனீக்கூட்டம் கலைந்தாற்போல ஒரு சத்தம் கிளம்பும். பாலத்தின் சில தடங்களில் தார் கிடையாது, இரும்புக் கம்பிவலைதான். அந்த ரீங்காரம் கீழே ஆற்றங்கரை உணவகங்கள் வரை கேட்கும். 1966-இல் திறந்தபோது பாலத்துக்குச் சர்வாதிகாரி சலசாரின் பெயரை வைத்திருந்தார்கள். 1974 ஏப்ரல் 25 அன்று ராணுவத்தின் இளம் அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். லிஸ்பன் மக்கள் சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூவைச் செருகினார்கள். பாலத்தின் பெயரும் மாறியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் பதின்மூன்று ஆண்டுகளாக முடிவில்லாமல் நடந்த போர்தான் அந்த அதிகாரிகளைக் கிளர்ந்தெழ வைத்தது. கோவா அதற்கு முன்பே, 1961 டிசம்பரில், கைவிட்டுப் போயிருந்தது.

தென்கரையில் கைகளை விரித்து நிற்கும் கிறிஸ்து சிலையருகே பல டூர்கள் நிறுத்துகின்றன. 28 மீட்டர் சிலை, 82 மீட்டர் பீடம். இரண்டாம் உலகப்போரில் சிக்காமல் நாடு தப்பினால் எழுப்புவதாக 1940-இல் ஆயர்கள் நேர்ந்துகொண்டார்கள், 1959-இல் திறந்தார்கள். கையில் இருப்பது அரை நாள்தான் என்றால் இதைத் தாராளமாக விட்டுவிடலாம். பாலத்திலிருந்தே நன்றாகத் தெரிகிறது.

டைனோசர் தடத்தில் மாதா

மிச்சமாகும் நேரத்தை இஷ்பிஷெல் முனைக்குக் கொடுங்கள். எல்லா டூரிலும் இது இருக்காது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மரமே இல்லாத மேட்டுநிலம், தொப்பியைப் பறிக்கும் காற்று. எதிரெதிரே இரண்டு நீண்ட வரிசைகளாக, வளைவுத் தாழ்வாரத்தோடு யாத்திரிகர் விடுதிகள். முடிவில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாதா கோயில். கோயில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. திருவிழாக் காலத்தில் லிஸ்பன் பக்கத்துப் பங்குகளிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மக்கள் வந்து தங்கிய இடம். இப்போது விடுதி ஜன்னல்கள் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கின்றன.

கோயிலைத் தாண்டி, செங்குத்துப் பாறையின் விளிம்பில், வெள்ளையடித்த சின்னத் தேவாலயம் ஒன்று. அதன் உள்சுவரில் உள்ள நீலநிற டைல்கள் தலவரலாற்றைச் சொல்கின்றன. 15-ஆம் நூற்றாண்டில் முதியவர் ஒருவருக்கும் மூதாட்டி ஒருவருக்கும் தனித்தனியே இந்த முனையில் ஓர் ஒளி தெரிந்ததாம். மாதா கோவேறு கழுதையின் மேல் அமர்ந்து கடலிலிருந்து பாறை வழியாக ஏறி வந்தாராம். சான்று? பாறையில் வரிசையாகப் பதிந்த குளம்புத் தடங்கள்.

தடங்கள் உண்மை. அருகிலுள்ள சின்ன வளைகுடாவின் பாறைச் சரிவில் இன்றும் பார்க்கலாம். ஆனால் கழுதைக்கு இவ்வளவு பெரிய கால் ஏது? ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் கடைசியில், கடலோரச் சேற்றில் நடந்துபோன நீண்ட கழுத்து டைனோசர்கள் பதித்தவை அவை. சேறு கல்லாகி, மலை எழும்பியபோது அந்தக் கல்லடுக்கும் சாய்ந்தது. கிடைமட்டமாக நடந்தவற்றின் தடம் இப்போது சுவரேறுவது போலத் தெரிகிறது. கீழேயிருந்து மேலே ஏதோ ஒன்று ஏறிவந்திருக்கிறது என்று மீனவர்கள் முடிவுகட்டியதில் கவனிப்புக் குறைவே இல்லை. கால் அளவை மட்டும்தான் கண்டுகொள்ளவில்லை. சிறிய உருவம் கொண்ட பல விலங்குகள் ஒரே திசையில், பக்கம் பக்கமாக, ஒரே வேகத்தில் நடந்த தடங்களும் இங்கே இருக்கின்றன. குட்டிகள் கூட்டமாகத் திரிந்ததற்கான சான்று என்று ஆய்வாளர்கள் இதைக் காட்டுகிறார்கள்.

செசிம்ப்ராவில் வேன் அதிக நேரம் நிற்பதில்லை, நிற்க வேண்டியதும் இல்லை. 1165-இல் மூர்களிடமிருந்து பிடித்த கோட்டை மேலே, 17-ஆம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோட்டை கீழே, நடுவே ஊர். இந்த ஊரின் பெயர்பெற்ற மீன் கறுப்பு வாள்மீன். நம் சாவாளையின் ஆழ்கடல் உறவு. வெள்ளிக்குப் பதில் தார்க் கறுப்பு. ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு, ஆயிரக்கணக்கான தூண்டில்முட்கள் கோத்த கயிற்றை இறக்கிப் பிடிக்கிறார்கள். மீன் சாப்பிட நேரம் இராது. பேக்கரியில் ‘ஃபரீஞா தொர்ராதா’ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாவு, சர்க்கரை, முட்டை, சாக்லேட், எலுமிச்சை, பட்டை சேர்த்துச் சுட்ட கெட்டியான துண்டு. கடலுக்குப் போகும் ஆண்கள் நாள்கணக்கில் கெடாமல் வைத்துச் சாப்பிடச் செய்தது.

மலையைக் காப்பாற்றிய கடிதம்

மலைமுகட்டுச் சாலையில்தான் வேனுக்குள் பேச்சு நிற்கும். வலப்பக்கம் புதர்க்காடு சரிந்து இறங்க, அடியில் வெண்மணல். அதன்மேல் ஆழமில்லாத தண்ணீர் பளிங்குப் பச்சையில். ஆனால் அட்லாண்டிக் அட்லாண்டிக்தான்: ஆகஸ்டில்கூடக் காலை வைத்தால் சுள்ளென்று குளிரும். மலையின் உச்சி 500 மீட்டர்தான். தெற்கே பார்த்த சரிவு, வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை முதுகால் தடுத்துவிடுவதால், மத்தியதரைக் கடலோரத்துச் செடிகொடிகள் இங்கே அட்லாண்டிக் ஓரத்தில் செழித்து நிற்கின்றன.

நடுச்சரிவில் தீப்பெட்டிகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிவது பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். 1542-இல் தொடங்கியது. தனித்தனிச் சிற்றறைகள், கைநீட்டினால் சுவர் இடிக்கும். அதே 1542-இல்தான் பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் இறங்கி, அங்கிருந்து முத்துக்குளித்துறைக்குப் போனார். பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போர்த்துகீசியப் பாதுகாப்பைக் கேட்டு மதம் மாறியிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1554-இல், லிஸ்பன் அச்சகம் ஒன்றில் தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் கோத்து ஒரு ஜெபப் புத்தகம் வெளிவந்தது. அதைத் தயாரிப்பதில் லிஸ்பனில் இருந்த மூன்று இந்தியக் கிறிஸ்தவர்களின் கை இருந்தது. இந்திய மொழியொன்று அச்சேறியது அதுதான் முதல் முறை. இந்த மடம் இப்போது கீழைத்தேய உறவுகளுக்கென 1988-இல் அமைத்த ஒரு அறக்கட்டளையின் சொத்து. அறக்கட்டளையின் மூலதனம் மக்காவ் சூதாட்ட உரிமத்திலிருந்து வந்தது. துறவிகள் என்ன நினைப்பார்களோ!

காடு இன்னும் காடாக இருப்பதற்கு ஒரு பள்ளி ஆசிரியர் காரணம். செபஷ்தியாவ் த காமா, கவிஞர், வாஸ்கோவுக்குச் சொந்தமில்லை. 1947-இல் இந்தச் சரிவின் பழங்காட்டில் விறகுக்காக மரம் வெட்டத் தொடங்கியபோது அவர் பதறி எழுதிய கடிதம் அறிவியலாளர்களிடம் போய்ச்சேர்ந்தது. மறு ஆண்டே நாட்டின் முதல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. காசநோயால் 1952-இல் இறந்தபோது அவருக்கு வயது 27. மலை 1976-இல் இயற்கைப் பூங்காவானது. அப்படியும் பூங்காவின் கிழக்கு ஓரத்தில், கடலை ஒட்டி, ஒரு சிமென்ட் ஆலை மலையைப் படிக்கட்டாக வெட்டித் தின்றுகொண்டிருக்கிறது. வழிகாட்டி அந்த வளைவில் மட்டும் எதிர்ப்பக்கம் கைகாட்டுவார். நீங்கள் இந்தப் பக்கமும் பாருங்கள்.

தூரத்தில், சாதூ ஆற்றின் முகத்துவாரத்தில், செதூபல். அரை நாளில் அங்கே இறங்க முடியாது. பெரிய மீன்சந்தையும் கணவாய் வறுவலும் இன்னொரு நாளுக்கு. அந்த ஊர்க்காரர்தான் 18-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கவிஞர் பொக்காஜ். கடற்படையில் சேர்ந்து 1786-இல் கோவா வந்தார், ஊரைப் பிடிக்கவில்லை, கோவாவின் போலிப் பெருமையை நக்கலடித்துக் கவிதைகள் எழுதினார், டாமனுக்கு மாற்றினார்கள், அங்கிருந்து வேலையை விட்டே ஓடிப்போனார்.

அழிக்க முடியாத கோடு

அசெய்த்தாவில் டைல் பட்டறை. உள்ளே நுழைந்ததும் ஈரமண் வாசனை. டூர்க்காரர்கள் கடைப்பகுதிக்கு இழுப்பார்கள். நீங்கள் நேராக வரையும் மேஜைக்குப் போய்விடுங்கள்.

களிமண்ணைத் தட்டி, ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, கோணாமல் இருக்க மெல்ல மெல்ல உலர்த்தி, சூளையில் ஒரு தடவை சுடுகிறார்கள். வெளியே வருவது செங்கல் நிறத்தில் ஒரு மொட்டைச் சதுரம். அதை வெள்ளீயம் கலந்த வெள்ளைக் கலவையில் ஒரு முக்கு. ஈரம் உறிஞ்சப்பட்டு, மேலே மாவு பூசினாற்போல ஒரு வெள்ளைப் படலம் நிற்கும். விரல் பட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்த மாவுப் படலத்தின்மேல்தான் ஓவியம்.

முதலில் கோலக்குறி. படத்தைக் காகிதத்தில் வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் பொடிப்பொடியாகத் துளையிட்டு வைத்திருக்கிறார்கள். காகிதத்தை டைலின்மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டினால், துளை வழியே கரி இறங்கிப் புள்ளிக் கோடாக விழுகிறது. ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் கடையில் பட்டர் பேப்பரைக் குத்தி டிசைன் இறக்குவார்களே, அச்சு அசலாக அதே வித்தை. கரி சூளையில் எரிந்து காணாமல் போய்விடும்.

அடுத்தது தூரிகை. இங்கேதான் மூச்சுப் பிடிக்க வேண்டும். மாவுப் படலம் சாயத்தண்ணீரைத் தொட்ட கணத்தில் குடித்துவிடுகிறது. துடைக்கவோ அழிக்கவோ முடியாது, கை நின்றால் அங்கே ஒரு பொட்டு. நீளமான இலைக்காம்பு ஒன்றை வரைந்த பெண், முழங்கையை மேஜையில் ஊன்றாமல், சின்ன விரலை மட்டும் ஒரு மரப்பட்டையில் தாங்கி, தோளிலிருந்து கோட்டை இழுத்தார். இழுத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். இன்னொன்று: பீங்கானில் நாம் பார்க்கும் அந்த நீலம் அவருடைய கிண்ணத்தில் இல்லை. அங்கே இருந்தது அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கரைசல். கோபால்ட் ஆக்சைடு ஆயிரம் டிகிரிக்கு அருகில் வெந்தால்தான் நீலமாகும். மஞ்சளும் பச்சையும் அப்படித்தான். வரைகிறவருக்கு நிறம் கண்ணில் தெரியாது, தலைக்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கலை மூர்களிடமிருந்து செவில் நகரம் வழியாகப் போர்ச்சுகலுக்கு வந்தது. ஆரம்பத்தில் பல வண்ண வடிவியல் கட்டங்கள். நீலமும் வெள்ளையும் மட்டுமே ஆட்சிசெய்யத் தொடங்கியது பிற்பாடு. ஆசியாவிலிருந்து திரும்பிய கப்பல்கள் சீனப் பீங்கானைக் கொண்டுவந்து கொட்டின. அந்த ஆசை ஹாலந்துக்கும் தொற்றியது. டச்சு டைல்கள் இங்கே குவிந்தன. உள்ளூர்க்காரர்கள் அதை மிஞ்ச வரைந்தார்கள். போர்ச்சுகலின் அடையாளம் என்று இன்று காந்தப் பொம்மை முதல் தலையணை உறை வரை அச்சடித்து விற்கும் நீலம், சீனாவிலிருந்து கப்பலேறியது.

வாங்குவது பற்றி ஒன்றிரண்டு. கைவேலை டைலில் தூரிகை ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் அடர்ந்து தெரியும்; பின்பக்கம் சற்று மேடுபள்ளமாக இருக்கும். அச்சடித்ததில் எல்லாப் பூவும் ஒரே மாதிரி. ‘நீங்களே வரையுங்கள்’ என்று தூரிகை தருவார்கள், வரையுங்கள். ஆனால் சூளையில் வைத்து எடுக்க நாளாகும், அஞ்சலில் அனுப்புவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய டைல் மட்டும் வேண்டாம். லிஸ்பன் வீடுகளின் முகப்பிலிருந்து இரவோடிரவாகப் பெயர்த்து விற்கும் கும்பல்களால் நகரமே பொத்தல் விழுந்தது. 2007-இல் குற்றப்புலனாய்வுக் காவல்துறையின் அருங்காட்சியகமே டைல் பாதுகாப்புக்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2017-இல் வீட்டு முகப்பு டைல்களை அகற்றுவதற்கு எதிராக நாடு முழுவதுக்கும் சட்டம் வந்தது. சந்தையில் ஒற்றை ஒற்றையாக விற்கும் பழைய டைலுக்கு எந்தச் சுவரில் ஓட்டை என்று உங்களுக்குத் தெரியாது. சனி, ஞாயிறில் போனால் மேஜை காலியாக இருக்கலாம், கடை மட்டும் திறந்திருக்கும். வாரநாளே நல்லது.

பட்டறையிலிருந்து சில நிமிட ஓட்டத்தில் பக்கால்யோவா அரண்மனை. பல டூர்கள் சுவருக்கு வெளியே வேகத்தைக் குறைத்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விடும். தனியாக அனுமதி வாங்கியாவது உள்ளே போகலாம் என்பேன். 1528-இல் இந்தத் தோட்டவீட்டை வாங்கியவர் ப்ராஸ் த அல்புகெர்க். 1510-இல் கோவாவையும் மறு ஆண்டு மலாக்காவையும் பிடித்த அஃபோன்சோ த அல்புகெர்க்கின் மகன். லிஸ்பனில் கூர்ங்கற்கள் பதித்த முகப்போடு நிற்கும், இப்போது ஜோசே சரமாகோ அறக்கட்டளை இருக்கும் கட்டடமும் இவர் கட்டியதே. அசெய்த்தாவில் இவர் குளம் வெட்டி, கரையில் மண்டபம் எழுப்பி, சுவரெங்கும் டைல் பதித்தார். அதில் பைபிள் கதையின் சூசன்னா குளிக்கும் காட்சி ஒன்று. அதில் 1565 என்று ஆண்டு எழுதியிருக்கிறது. நாட்டில் ஆண்டு குறித்த டைல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இத்தாலிய பாணித் தோட்டம், வெட்டிச் சீராக்கிய புதர் வேலி, ஆரஞ்சு மரங்கள், தண்ணீரில் மண்டபத்தின் நிழல். கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

அப்பாவின் மலாக்கா வெற்றியில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. நீனா சத்து என்று போர்த்துகீசிய ஆவணங்கள் எழுதும் அந்த வணிகர், சுல்தானிடம் சிறைப்பட்ட போர்த்துகீசியர்களுக்கு உதவினார். நகரம் விழுந்ததும் அல்புகெர்க் அவரை அங்கிருந்த இந்து வணிகர்களுக்குத் தலைவராக்கினார். 1514-இல் பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தபோது, மானம் பொறுக்காமல் சந்தன விறகடுக்கித் தீயில் இறங்கினார் என்பது அக்காலக் குறிப்பு. மகன், தந்தையின் வீரச்செயல்களைத் தொகுத்து 1557-இல் நூலாக வெளியிட்டார். குளக்கரை மண்டபத்தில் நிற்கும்போது இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். வழிகாட்டியிடம் கேட்டும் பார்க்கலாம். என்னோடு வந்தவர் நீனா சத்துவைக் கேள்விப்பட்டதில்லை. பெயரைக் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

பன்னீர் திராட்சையின் பாட்டன் வீடு

நம்மூர்க்காரர்களுக்கு ஒயின் ருசி பார்த்தல் விநோதமாகத்தான் இருக்கும். இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுவார்கள். அதையும் சுழற்றி, முகர்ந்து, வாயில் புரட்டிவிட்டு, பக்கத்தில் வைத்த பாத்திரத்தில் துப்பலாம் என்பார்கள். காசு கொடுத்து வாங்கித் துப்புவதா என்று தோன்றும். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் துப்பிவிடுவதே உசிதம், ஏனென்றால் கடைசிக் கோப்பை சாது இல்லை.

அசெய்த்தாவின் பழைய ஒயின் வீடு ஜோசே மரியா த ஃபொன்செகா. 1834-இல் தொடங்கியது, இன்றும் குடும்பத்தின் கையில். முன்னால் மாளிகை, பின்னால் தோட்டம், அதற்கப்பால் பீப்பாய்க் கூடங்கள். மிகப் பழைய ஒயின்கள் உறங்கும் கூடத்துக்குப் ‘பழைய தறிகள்’ என்று பெயர். முன்பு நெசவு நடந்த இடம். இந்த ஊரிலேயே, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மன்னரைக் கொல்லச் சதிசெய்தாரென்று 1759-இல் கொல்லப்பட்ட பிரபு ஒருவரின் காலி அரண்மனையில் சீட்டித்துணி அச்சிடும் ஆலையும் ஓடியது. பூப்போட்ட சீட்டி, சோழமண்டலக் கரையும் குஜராத்தும் ஐரோப்பாவுக்குக் காட்டிக்கொடுத்த துணி.

முதலில் வெள்ளை ஒயின், பிறகு சிவப்பு. சிவப்பு கஷ்தெலாவ் என்ற திராட்சையில் செய்வது. பால்மேலா பக்கத்து மணல்நிலம் அதற்குப் பிடிக்கும். 1850 முதல் பெரிக்கீத்தா என்ற பெயரில் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். குடிக்கச் சுலபம், பேச அதிகமில்லை.

பேச வேண்டியது மொஷ்காத்தெல். மூக்கருகே கொண்டுபோனதுமே ஓர் அறிமுக வாசனை வரும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பன்னீர் திராட்சைப் பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, அதன் முதிர்ந்த வடிவம். இது தற்செயல் இல்லை, இரத்த உறவு. பன்னீர் திராட்சை என்று நாம் சொல்லும் மஸ்கட் ஹாம்பர்க் ரகம், மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவையும் வேறொரு கறுப்புத் திராட்சையையும் கலந்து உண்டானது. அர்ராபிதாவின் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த சரிவுகளில் விளைவது அந்த அலெக்ஸாண்ட்ரியாதான். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, 2023-இல் கம்பத்தின் பெயரால் புவிசார் குறியீடு வாங்கியது. இங்கே மொஷ்காத்தெலுக்கு எல்லை வகுத்து 1907-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

செய்முறை சுருக்கமாக: பழத்தைப் பிழிந்து நொதிக்க விடுகிறார்கள். சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறுவதற்குள், திராட்சையிலிருந்து வடித்த கடும் சாராயத்தை ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் செத்து நொதித்தல் நிற்க, இனிப்பு தங்கிவிடுகிறது. போதையும் 17, 18 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. போர்ட் ஒயினும் இந்த முறைதான். மொஷ்காத்தெலின் தனிக்குணம் அடுத்த கட்டத்தில் வருகிறது. பிழிந்த தோலைத் தூக்கி எறியாமல் மாதக்கணக்கில், குளிர்காலம் கழியும் வரை, அதே ஒயினில் ஊறப்போடுகிறார்கள். திராட்சையின் மணம் முழுவதும் தோலில்தான். பிறகு பழைய மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் ஓய்வு. வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிக் குறைய, மிச்சம் அடர்கிறது. இளசு தேன் நிறம், ஆரஞ்சுத்தோல் வாசனை. இருபது ஆண்டு முதிர்ந்தது நல்லெண்ணெயைவிடக் கறுத்து, கிளாஸின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்குகிறது. வாயில் உலர் அத்தி, வறுத்த பாதாம், கொஞ்சம் கசப்பு, பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசத் தோன்றாது.

இந்த ஒயினுக்கு ஒரு கப்பல் கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில், போகிற ஊரில் விற்றுத்தரும் கமிஷனுக்காகக் கப்பல் தலைவர்கள் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். எல்லாம் விற்றுத் தீராது. மிஞ்சிய பீப்பாய்கள் பூமத்தியரேகையின் வெயிலில் வெந்து, அலையில் குலுங்கி, மாதங்கள் கழித்து அசெய்த்தாவுக்கே திரும்பும். கெட்டுப்போயிருக்கும் என்று திறந்தவர்களுக்கு ஆச்சரியம், போனதைவிட அது நன்றாக இருந்தது. ‘திரும்பிய பயணம்’ என்று அதற்கு ஒரு பெயரும் கூடுதல் விலையும் வந்தன. நீராவிக் கப்பல் வந்து பயணம் குறுகியதும் அந்த வகை மறைந்தது. 2000-இல் இந்த நிறுவனம் போர்த்துகீசியக் கடற்படையின் பயிற்சிப் பாய்மரக் கப்பலான சக்ரெஷில் மீண்டும் பீப்பாய்களை அனுப்பிப் பார்த்தது. அதே ஒயினின் ஒரு பங்கைக் கரையிலேயே வைத்திருந்து, கப்பல் திரும்பியதும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வேறுபாடு இருந்தது, கப்பலேறியது கூடுதலாகப் பழுத்திருந்தது.

குடிக்காதவர்கள் இந்த நிறுத்தத்தில் ஓரமாக உட்கார வேண்டியதில்லை. மேஜையில் வரும் அசெய்த்தாவ் சீஸே பயணத்துக்கு ஈடு. செம்மறியாட்டுப்பால் சீஸ், உள்ளங்கையில் அடங்கும் வட்டு. மேல்தோலை மூடிபோல வெட்டியெடுத்துவிட்டு ஸ்பூனால் வழித்துச் சாப்பிட வேண்டும். சைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஐரோப்பாவின் பல சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். இங்கே முட்செடி ஒன்றின் ஊதாப்பூவை ஊறவைத்த தண்ணீர்தான் உறைமோர். மெல்லிய கசப்பு அந்தப் பூவுடையது. ‘தோர்த்தா’ என்ற சுருள் இனிப்பும் வைப்பார்கள். முட்டை மஞ்சள் கருவில் செய்தது, மேலே பட்டைத்தூள் மணக்கும். பட்டை எந்தத் தீவின் கரையிலிருந்து இந்தச் சமையலறைக்கு வந்தது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு: ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாதங்கள். செப்டம்பரில் போனால் திராட்சை அறுவடை நடக்கும். கோடையில் அர்ராபிதா கடற்கரைகளுக்குத் தனியார் கார்களைக் கட்டுப்படுத்துகிறார்கள், அப்போது டூர் வேன்கூட மேலேயே நிற்கும்; குளிக்கும் கனவோடு போகாதீர்கள். முனை, மீனவர் ஊர், மலை, பட்டறை, அரண்மனை, ஒயின் என்று எல்லாவற்றையும் ஒரே அரை நாளில் காட்டுவதாகச் சொல்லும் டூரை நம்ப வேண்டாம். நான்கு நிறுத்தம் உள்ளதை எடுங்கள், அவற்றில் பட்டறைக்கு ஒரு மணி நேரமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவுக்குள் இரண்டு லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். மொஷ்காத்தெலைத் திறந்த பிறகும் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் வைக்கலாம். டைலைக் கைப்பையில் வையுங்கள், புட்டியைச் சரக்கில் போடும் பெட்டியில் துணிக்குள் சுற்றி வையுங்கள். மாற்றி வைத்தால் இரண்டும் வீடு வந்து சேராது.